நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

அத்தியாயம் ஏழு

பழைய வண்டி வாங்கப் போனால் எல்லாரும் வண்டியைப் பார்ப்பார்கள். வெள்ளைத்துரை விற்கிறவனைப் பார்ப்பார். வண்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. துரு இருந்தால் துரு, புகை அடித்தால் புகை. பொய் முழுக்க மனுஷன் வாயில்தான் இருக்கிறது. அறுபத்தெட்டு வயதுக்கு அவர் கற்றுக்கொண்ட பாடம் இந்த ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் கற்றது அதைவிடக் குறைவு. ஐந்தாவதோடு சரி.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி. விருதுநகர், மதுரை ரோட்டில் ஜமால் முகம்மது பாயின் பழைய வண்டி யார்டு. வெயிலில் காய்ந்துகொண்டிருந்த முப்பது வண்டிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பிக்கப் நின்றது. ஃபோர் வீல் டிரைவ். வயது பதினான்கு. கேரள நம்பர்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம்," என்றாள் சொர்ணலட்சுமி. "ரெண்டாவது வண்டியா ஒரு ஃபோர் வீல் பிக்கப் வேணும்னு அஞ்சு நாளா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறோம். மொத வண்டி எதுன்னு எவனாச்சும் கேட்டா என்ன சொல்லுவீக?"

"என் மொபெட்டு இருக்குல்ல."

"அதத் தள்ளவே ரெண்டு பேரு வேணும். இதையும் வாங்குனா தெருவே வந்து தள்ளணும்."

சொர்ணலட்சுமிக்கு நாற்பத்தாறு வயது. திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் இருபது வருஷம் புரூஃப் பார்த்தவள். முதலாளி எழுதிய வாழ்த்துரையில் பதினோரு பிழை இருப்பதை முதலாளியிடமே சொல்லிவிட்டு வேலையை இழந்தவள். முப்பது வருஷம் லாரி ஓட்டி, முட்டி தேய்ந்தபின் துப்பறிய வந்தவர் வெள்ளைத்துரை. எழுத்துக்கு அவள், வண்டிக்கு அவர். வாய் இரண்டு பேருக்கும் இருந்தது.

அவர்கள் தேடியது வண்டியைத்தான். ஆனால் ஓட்டுவதற்காக இல்லை. அந்த வண்டியால் ஒரு மனுஷன் உள்ளே கிடந்தான்.

பேர் அன்வர். தாயில்பட்டிப் பக்கம் பிரபாகரனின் பட்டாசுக் கம்பெனியில் பிக்கப் டிரைவர். ஆகஸ்ட் நாலாம் தேதி, ஓடைக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்குள் லைசென்ஸ் இல்லாத தகர ஷெட் ஒன்று வெடித்தது. இருளாண்டி என்கிற தொழிலாளி செத்துப்போனான். புகைக்குள்ளிருந்து பிரபாகரனின் சிவப்புப் பிக்கப் ஓடியதை ஆடு மேய்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே பிரபாகரன் போலீசில் எழுதிக் கொடுத்தார்: ஒன்றாம் தேதியே டிரைவர் அன்வர் என் வண்டியைத் திருடிக்கொண்டு போய்விட்டான், ஷெட்டும் அவனுடையதுதான்.

நாலாம் தேதி காலை வரைக்கும் வண்டி கம்பெனியில்தான் நின்றது, முதலாளிதான் சாவியை வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார் என்று அன்வர் கத்திப் பார்த்தான். கம்பெனியில் நூற்றுப்பத்துப் பேர். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. சீசன் நேரத்தில் வேலை போனால் தீபாவளி கிடையாது. அன்வர் உள்ளே போய் நாற்பத்து நாலு நாள் ஆகிவிட்டது. ஜாமீன் ஒரு தடவை தள்ளுபடி. வருகிற திங்கட்கிழமை இரண்டாவது தடவை. அதற்குள் அந்தப் பிக்கப் கிடைத்து அது வாய் திறந்தால்தான் உண்டு என்று, அன்வரின் மனைவி நசிமா வெள்ளைத்துரையிடம் வந்திருந்தாள்.

ஓடை மணலைத் தாண்ட நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். ஜில்லாவில் அந்த மாதிரி பழைய பிக்கப் பத்து இருந்தால் அதிகம். ஓடுகிற வண்டியை எரிக்க எவனுக்கும் மனசு வராது, எங்கேயாவது விற்கத்தான் பார்ப்பான். இது வெள்ளைத்துரையின் கணக்கு. அதனால் வாங்குகிறவராக வேஷம் போட்டார். இரண்டு வண்டி பார்த்து இல்லை என்று ஆகிவிட்டது. இது மூன்றாவது.

விற்க வந்தவன் நாற்பது வயதுக்காரன். பேர் மாரிக்கண்ணன் என்றான். குமுளிக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் சூப்பர்வைசராம். எஸ்டேட் முதலாளி புது வண்டி எடுத்துவிட்டாராம்.

வெள்ளைத்துரை பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. "எங்களுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடேத்தி வச்சிருக்கீரே. ஆறிக் கெடந்தா எந்திரிக்காதோ?"

"அப்பிடியெல்லாம் இல்ல பெரியவரே. மூடி வச்சிருந்த வண்டி, அதான்."

"மனுஷனுக்கும் காலையிலதான் சீக்கு தெரியும்," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். சின்ன லீவரைப் பின்னால் இழுத்து, ஃபோர் வீல் லோவில் போட்டு, கிளட்சை விட்டார். முன்சக்கரம் இரண்டும் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு வண்டியை இழுத்தன. நல்ல வண்டி. வேஷம் போட்டு வந்தவருக்கே ஒரு நிமிஷம் வாங்கிவிடலாமா என்று இருந்தது. தன்மேலேயே சந்தேகப்பட்டு இறங்கினார்.

அப்புறம் முட்டி வலியோடு தரையில் சாக்கை விரித்து அடியில் படுத்தார். சேஸிஸ் மடிப்புக்குள் கறுப்பு மண் அப்பிக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மலையில கரிசக்காடு எப்பய்யா வந்துச்சு?"

மாரிக்கண்ணன் அசரவில்லை. "இங்கன வர்ற வழியில மளை. சேத்துல எறங்கிருச்சு."

மழை பெய்தது உண்மைதான். அதோடு வெள்ளைத்துரை விட்டுவிட்டார். பதில் வைத்திருக்கிறவனிடம் அதே கேள்வியை இரண்டாவது தடவை கேட்பது வீண்.

பின்தொட்டிக்கு வந்தார். தரையில் கனமான ரப்பர் ஷீட் விரித்திருந்தது. "அதத் தூக்கிக் காட்டும். அடியில துருப்பிடிச்சு ஓட்டையா இருந்தா?"

மாரிக்கண்ணன் தொட்டியின் பின்கதவை இறக்கினான். செருப்பு இரண்டையும் கழற்றித் தரையில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தான். உள்ளங்காலை ஒன்றோடொன்று தட்டித் துடைத்தான். அதற்கப்புறம்தான் மேலே ஏறி ஷீட்டைத் தூக்கினான். அடியில் பலகை அடித்திருந்தது. ஆணியெல்லாம் மஞ்சளாக மின்னியது. பித்தளை.

வெள்ளைத்துரை பலகையைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி, வண்டிய விட்டுட்டுச் செருப்ப வெல பேசப் போறீகளா?" என்று காதருகே கேட்டாள் சொர்ணலட்சுமி.

"பேசாம இரு."

மாரிக்கண்ணன் இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டான். "வண்டி ஒங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு தெரியுது. முன்னப்பின்ன பேசிக்கிடலாம். ஆனா ஒரே ஒரு கண்டிசன். நாளைக்கே ஆர்.டி.ஓ. ஆபீசுல வந்து ஒங்க பேருக்கு மாத்திப்புடணும். அதுக்குச் சம்மதிச்சா வண்டி ஒங்களது."

சொர்ணலட்சுமியின் புருவம் மேலே ஏறியது. இருபது வருஷமாகப் பிழை தேடிய புருவம் அது.

"யோசிச்சுச் சொல்லுதேன்," என்றார் வெள்ளைத்துரை. "நம்ம வீட்டுப்பிள்ள ஒண்ணு வந்திருக்கு. அதுவும் ஒரு பார்வை பாத்துரட்டும்." பாயின் ஆபீஸ் அறையைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

நசிமா வந்தாள். முப்பது வயது. திருத்தங்கலில் சின்னதாகப் பேப்பர் கட்டிங் கடை வைத்திருக்கிறவள். யாரிடமும் எதுவும் பேசாமல் கதவைத் திறந்தாள். டிரைவர் சீட்டின் புது உறையை ஓரத்தில் கிழித்து, உள்ளே கையை விட்டு, பழைய உறையின் விளிம்பை வெளியே இழுத்தாள். கிழிசலைத் தைத்த இடத்தில் தடித்த வெள்ளை நூல் ஓடியது.

"பைண்டிங் நூலு," என்றாள். "பங்குனி மாசம் நான் தச்சது. சீட்டு முதுகுல குத்துதுன்னாக." நூலை விரலால் நீவினாள். "இது எங்க வீட்டுக்காரரு ஓட்டுன வண்டிதான் அய்யா."

மாரிக்கண்ணன் ஓரடி பின்னால் வைத்தான். வெள்ளைத்துரை அவன் தோளில் கையை வைத்தார். லாரி ஸ்டீயரிங் பிடித்த கை. அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"எஸ்டேட்டு ஆளாம். அட்டை கடிக்கிற மலையில இருக்குறவன் தொட்டியில ஏறச் செருப்பக் கழட்டுவானாலே? காலுல ஒட்டுன மணல் உரசுனாலே தீப்பிடிக்கும்னு பயந்து பயந்து வேல பாத்தவன்தான் கழட்டுவான். வெடிமருந்து ஏத்துற தொட்டியிலதான் இரும்பு ஆகாதுன்னு பித்தளை ஆணி அடிப்பான். வண்டிக்கு வெள்ள அடிச்ச, நம்பர மாத்துன, ஊர மாத்துன. காலு மட்டும் தாயில்பட்டியிலயே கெடக்கு. நீ பிரபாகரன் கம்பெனி ஆளுதான?"

"ஃபோர்மேன்."

"அவன்தான் விக்கச் சொன்னானா?"

"இருங்க அண்ணாச்சி," என்று குறுக்கே வந்தாள் சொர்ணலட்சுமி. "அவரு சொல்லியிருக்க மாட்டாரு. திருட்டு வண்டிய விக்கிறவன் எவனும் பேரு மாத்து, பேரு மாத்துன்னு கெஞ்ச மாட்டான். ஆர்.டி.ஓ. ஆபீசுல சேஸிஸ் நம்பரத் தேச்சுப் பாத்தா அஞ்சு நிமிசத்துல குட்டு ஒடஞ்சிரும். அது ஒடையணும்னுதான் இவரு நிக்காரு. என்ன ஃபோர்மேன், சரிதான?"

மாரிக்கண்ணன் பின்கதவின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"மதுரைக்குக் கொண்டுபோயி வெட்டிப் போட்டுருன்னாரு முதலாளி. வெட்டியாச்சுன்னு சொல்லிட்டேன். வெட்டல. மச்சினன் தோட்டத்துல மறைச்சு வச்சு, அவரு கண்ணுக்குத் தப்பத்தான் பெயிண்ட் அடிச்சேன். செத்த வண்டி ஒண்ணோட ஆர்.சி. புக்கை வாங்கி நம்பர மாட்டுனேன்." கையைத் துடைத்துக்கொண்டான். "செத்துப்போன இருளாண்டி எனக்குக் கூடப் பொறந்தவன். வண்டி எப்பிடியாச்சும் மாட்டணும்னு நெனச்சேன். என் வாயால சொல்லாம மாட்டணும்னு நெனச்சேன்."

சொர்ணலட்சுமி இரக்கப்படுகிற மாதிரி முகத்தை வைத்தாள். வெள்ளைத்துரைக்கு இரக்கம் வரவில்லை.

"ஆர்.டி.ஓ. ஆபீசுல மாட்டுனா யாரைப் பிடிப்பான்? வாங்குனவன. உள்ள ஒருத்தன் கெடக்கது போதாதுன்னு ஒரு கெழவனையும் சேத்து அனுப்பப் பாத்திருக்க."

"நான் அம்புட்டுக்கு யோசிக்கல பெரியவரே."

"யோசிச்ச. ஒன்ன மட்டும் விட்டுட்டு யோசிச்ச."

"திங்கக்கிளம கோர்ட்டுக்கு வந்து இதச் சொல்லுங்கண்ணே," என்றாள் நசிமா.

அவன் தலையை ஆட்டினான். "அன்னைக்கு வண்டிய ஓட்டிட்டு வந்தது நான். என்னையும் உள்ள தூக்கி வைப்பாக. வீட்டுல அவளும் அதே கம்பெனியிலதான் திரி வெட்டுதா. ரெண்டு பேரும் போயிட்டா பிள்ளைகளுக்கு யாரு?"

"எம்பிள்ளைகளுக்கு மட்டும் யாரு இருக்கா?"

அவன் எழுந்து வரவில்லை. வெள்ளைத்துரை அவனை விட்டுவிட்டு வண்டிக்குள் ஏறிக்கொண்டார். பேசமாட்டேன் என்கிறவனைவிடப் பேசத் தெரியாத வண்டி மேல்.

இன்று வியாழன். விசாரணை இருபத்திரண்டாம் தேதி திங்கள். நடுவில் எத்தனை நாள் என்று விரல்விட்டுக்கொண்டே டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு காலண்டர் அட்டை ஒட்டியிருந்தது. மேலே முருகன். கீழே பிரபாகரன் கம்பெனி பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் பன்னிரண்டு மாசம். வசதிதான் என்று செப்டம்பரைத் தேடிப் பிடித்தார். இருபத்திரண்டுக்கு நேராக விரலை வைத்தார்.

"சொர்ணம். திங்கக்கிளமைன்னு சொன்ன. இதுல செவ்வாய்னு போட்டிருக்கு."

"திங்கள்தான் அண்ணாச்சி. வக்கீலே சொன்னாரு."

"வக்கீல் சொன்னா? அட்டையில அச்சுல இருக்கு. இல்லன்னா அச்சுத் தப்பு. ஒங்க ஊருல ஒரு கெழமையக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாதா?"

அவள் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். "அச்சு சரியாத்தான் இருக்கு. இது அடுத்த வருசக் காலண்டரு." சொல்லிவிட்டுச் சாதாரணமாகத் தலையை வெளியே எடுத்தாள். பாதியில் அப்படியே நின்றாள். மறுபடியும் உள்ளே நீட்டினாள்.

"நசிமா, இங்கன வா. இந்த அட்டை ஒனக்குத் தெரியுமா?"

நசிமாவும் முதலில் சாதாரணமாகத்தான் பார்த்தாள். "எங்க கடையிலதான் வெட்டுனோம். ஐநூறு அட்டை. ஆடிப் பதினெட்டுப் பூசைக்குக் கேட்டாகன்னு, அன்னைக்குக் காலையில ஏளு மணிக்கு நானே கொண்டுபோயி..." அவளும் நின்றாள்.

சிவகாசிப் பக்கம் அடுத்த வருஷம் ஜனவரியில் பிறக்காது. ஆடிப் பதினெட்டில் பிறந்துவிடும். அன்றைக்குத்தான் அச்சகங்கள் பூசை போட்டுப் புதுக் காலண்டரை வெளியே விடும். பட்டாசுக் கம்பெனிகளிலும் அன்றுதான் பூசை. அப்புறம் நாலு மாசத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் இந்த வருஷத்தில் சாப்பிட்டு அடுத்த வருஷத்தில் கை கழுவுவார்கள். அதனால் அந்த அட்டை அவர்களில் எவர் கண்ணையும் உறுத்தாது. மாரிக்கண்ணன் வண்டி முழுக்கப் பெயிண்ட் அடித்தவன், இதைப் பார்த்தும் விட்டிருக்கிறான்.

"ஆடிப் பதினெட்டு என்னைக்கு?" என்றார் வெள்ளைத்துரை.

"ஆகஸ்ட் மூணு," என்றாள் சொர்ணலட்சுமி மெதுவாக. "ஒண்ணாம் தேதி திருடு போன வண்டி."

நசிமா அட்டையை உரிக்கக் கையை நீட்டினாள். வெள்ளைத்துரை தடுத்தார். "தொடாத தாயி. அட்டை ஒங்கடையில வெட்டுனது. நீயே கொண்டாந்து ஒட்டுனன்னு சொல்லிப்புடுவான். ஒட்டுனவனே ஒட்டுனேன்னு சொல்லணும்." யார்டு முதலாளியைக் கூப்பிட்டார். "பாய், ஒரு போன் போடணும். பிரபாகரனுக்கு. காணாமப்போன ஒங்க பிக்கப் மாதிரி ஒண்ணு இங்கன நிக்கி, ஒரு பெரிசு வாங்கப் பாக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

மாரிக்கண்ணன் எழுந்துவிட்டான். "அய்யய்யோ, வேண்டாம் பெரியவரே."

"நீயும் நசிமாவும் அந்த ரூமுக்குள்ள போயி உக்காருங்க. காது மட்டும் வெளிய இருக்கட்டும்."

முக்கால் மணி நேரத்தில் பிரபாகரனின் கார் யார்டுக்குள் நுழைந்தது. ஐம்பது வயது, வெள்ளை வேட்டி. காரை விட்டு இறங்கும்போதே கண் பிக்கப்பைத் தேடியது. கண்டதும் முகத்தில் ஓடிய ரத்தம் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியதை வெள்ளைத்துரை பார்த்துக்கொண்டார். வெட்டிப்போட்ட வண்டி முழுசாக நின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"என் வண்டிதான் பாய். பெயிண்ட் அடிச்சா எனக்குத் தெரியாதா? எடுத்துட்டுப் போறேன்."

"எப்பிடி எடுப்பீக?" என்று முன்னால் வந்தார் வெள்ளைத்துரை. "நான் ரெண்டாவது வண்டிக்குன்னு பேசி முடிச்சாச்சு. நல்ல வண்டியப் பாத்தா நாலு பேரு என்னோடதும்பான்."

"ஏய் பெருசு, திருட்டு வண்டி அது. போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன். சேஸிஸ் நம்பரப் பாரு."

"எனக்கு அம்புட்டுப் படிப்பு இல்ல தம்பி. நம்பர எவனும் பாத்துட்டு வந்து ஒப்பிக்கலாம். சொந்தக்காரனுக்கு மட்டும் தெரிஞ்ச அடையாளம் ஒண்ணச் சொல்லு."

ஜமால் முகம்மது தொண்டையைச் செருமினார். "எங்க வாப்பா காலத்துலருந்து இந்த யார்டுல ஒரு பளக்கம். வண்டி என்னோடதுன்னு யாரு வந்து நின்னாலும், அடையாளத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாத்தான் கேட் தொறப்போம். நாளைக்கு இன்னொருத்தன் வந்து என் சட்டையப் பிடிக்கக் கூடாதுல்ல."

சொர்ணலட்சுமி அதற்குள் யார்டு குமாஸ்தாவாக மாறி, தாளும் பேனாவுமாக நின்றாள். "சீக்கிரம் சொல்லுங்க சார். எனக்குச் சாப்பாட்டு நேரம்."

பிரபாகரனுக்கு வண்டியை அங்கிருந்து கிளப்பிவிட்டால் போதும் என்று இருந்தது. கதவைத் திறந்து உள்ளே கண்ணை ஓட்டினார். பெட்டியைத் திறந்தார். முகம் மலர்ந்தது.

"இந்தா பாரு. என் கம்பெனி காலண்டரு. போதுமா?"

"ஒன் டிரைவரு ஒட்டியிருப்பான்," என்றார் வெள்ளைத்துரை. "அவன்தான திருடுனான். அப்ப அது அவன் அடையாளம். ஒன் அடையாளம் எங்க?"

"சாமி படம் போட்ட அட்டைய டிரைவர் கையில குடுப்போமா? என் கம்பெனியில அந்தப் பளக்கமே கெடையாது. பூசை முடிஞ்சதும் ஒவ்வொரு வண்டிக்கும் நானே என் கையால ஒட்டுவேன். இதையும் நான்தான் ஒட்டுனேன். எழுதிக்கம்மா."

எழுதினாள். பிரபாகரன் தாளை வாங்கி ஒரு ஓட்டம் பார்த்துவிட்டு நீளமாகக் கையெழுத்துப் போட்டார். ஜமால் முகம்மது சாட்சிக்குப் போட்டார். வெள்ளைத்துரையும் போட்டார். அவருக்கு ஐந்தாம் வகுப்பிலேயே நன்றாக வந்த ஒரே எழுத்து அவர் பெயர்தான்.

"வாசிச்சுக் காட்டு சொர்ணம்."

"'டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கும் காலண்டர் அட்டையைப் பூசை முடிந்ததும் நானே என் கையால் ஒட்டினேன்.' தேதி, கையெழுத்து."

"அந்த அட்டையில எந்த வருசம் தம்பி போட்டிருக்கு?"

"அடுத்த வருசம். அதுக்கென்ன?" என்றார் பிரபாகரன். சாவிக்குக் கையை நீட்டினார்.

"அடுத்த வருசக் காலண்டரு பூசை என்னைக்கு?"

"என்னைக்காவா, ஆடிப் பதினெ..."

நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

"ஆகஸ்ட் மூணு," என்று முடித்து வைத்தாள் சொர்ணலட்சுமி. "ஒண்ணாம் தேதி திருடு போன வண்டி மூணாம் தேதி பூசைக்கு வந்து, ஒங்க கையால அட்டைய வாங்கிக்கிட்டு, சாமி கும்பிட்டு மறுபடியும் திருடு போயிருக்கு. பக்தியுள்ள வண்டி சார்."

பிரபாகரன் தாளைப் பிடுங்கப் பாய்ந்தார். வெள்ளைத்துரை குறுக்கே நின்றார். தேய்ந்த முட்டிதான், ஆனால் நகரவில்லை. "இன்னொரு அடி வச்சுப் பாரு தம்பி. பாய் யார்டுல ஆறு கேமரா இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒன் மூஞ்சியக் காட்டிட்டுப் போ."

ஆபீஸ் அறைக் கதவு திறந்தது. மாரிக்கண்ணன் வெளியே வந்தான், பின்னாலேயே நசிமா.

பிரபாகரன் அவனைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. "நீயாலே? வெட்டியாச்சுன்னு சொன்னியே. சாயங்காலம் ஒம்பொண்டாட்டி வேலைக்கு நிக்கமாட்டா, தெரியுமா?"

"வேலைய விட்டு நிறுத்திக்கிடுங்க முதலாளி," என்றான் மாரிக்கண்ணன். "இருளாண்டி மூச்சையே நிறுத்துனதுக்கு மேலயா. நாலாம் தேதி காலையில சாவிய என் கையில குடுத்து மருந்து ஏத்தச் சொன்னது நீங்க. ஏத்துனது நான். அன்வர் பாய் அன்னைக்கு வண்டியத் தொடவே இல்ல. எங்க சொல்லணுமோ அங்கன வந்து சொல்லுதேன். என்னைய உள்ள வச்சாலும் சரி."

வெள்ளைத்துரை அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். நம்பலாமா என்று யோசித்தார். நம்பவில்லை. "அந்தத் தாளுலயே எழுதி நீயும் கையெழுத்துப் போடு," என்றார்.

அவன் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிரபாகரன் குரலை மாற்றினார். சீசனில் ஆர்டர் பிடிக்கிற குரல். நசிமாவின் பக்கம் திரும்பி நின்றார்.

"இந்தா பாரும்மா. பெரிய எடத்துல போயி மோதி என்ன ஆகப் போகுது? இந்த வண்டிய ஒம்பேருக்கே மாத்தித் தாரேன். நல்ல வண்டி. காடு மேடு எல்லாம் இழுக்கும், ஒங்கடைக்கு ஆகும். அந்தத் தாள மட்டும் கிழிச்சிரச் சொல்லு. அன்வர் விசயத்த அப்புறம் மெதுவாப் பேசிக்கிடலாம்."

நசிமா தாளை வாங்கினாள். கட்டிங் கடைக்காரி கை, விளிம்போடு விளிம்பு பிசகாமல் நாலாக மடித்தது. பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிக்கப்பின் கதவைத் திறந்து, தான் தைத்த சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டிய நீங்களே வச்சுக்கிடுங்க," என்றாள். "ஓட்டுனவரக் குடுங்க."

கதவை அடித்துச் சாத்தினாள். "எஸ்.பி. ஆபீசுக்கு விடுங்க அய்யா."